உப்புத் தண்ணி குடித்த கம்ப்யூட்டர்கள்

பழைய கம்ப்யூட்டரின் கீபோர்டால் ஒரு ஆளை முகத்தில் அடித்தால் கீபோர்டுக்கு ஒன்றும் ஆகாது. அடித்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். ஆளுக்கு முன்பல் ஒன்று போகும், உதடு கிழியும். கீபோர்டில் ஒரு பட்டன்கூடக் கழன்று விழாது. ரத்தத்தைத் துடைத்துவிட்டு மறுபடி சொருகினால் எல்லா எழுத்தும் விழும். இன்றைக்குக் கடையில் அப்பளம் மாதிரி ஒன்று விற்கிறார்களே, அதால் ஒரு கரப்பான்பூச்சியைக்கூட ஒழுங்காக அடிக்க முடியாது. பழைய கம்ப்யூட்டரில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்பவர்களிடம் முதலில் இதைச் சொல்லத்தான் வாய் துடிக்கும். விழுங்கிவிடுவேன். ஏனென்றால் பல்லை இழந்த ஆள் என் கூடப் பிறந்த அண்ணன்.

மரக்காணத்தில் ஈ.சி.ஆரிலிருந்து உப்பளத்துக்குப் பிரியும் ரோட்டில் அப்பா கட்டிய உப்புக் கிடங்கு இருக்கிறது. அப்பா உப்பு வியாபாரி. கூரை முட்ட மூட்டை அடுக்கிய காலம் போய், அவரும் போய், கிடங்கில் பாதி சும்மா கிடந்தது. அந்தப் பாதியில்தான் என் கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. மொத்தம் ஏழு. மேசையில் படுத்த மாதிரி ஒரு இரும்புப் பெட்டி, அதன் தலையில் தொப்பை வைத்த மானிட்டர், பிளாப்பி நுழைக்க ஒரு வாய். மவுஸ் கிடையாது, இன்டர்நெட் கிடையாது, பாட்டு கிடையாது, படம் கிடையாது. ஸ்விட்சைப் போட்டால் பீப் என்று ஒரு சத்தம். பிறகு கறுப்புத் திரையில் ஒரு சின்னப் பச்சைக் கோடு மினுக்கிக்கொண்டு நிற்கும். நாம் எதையாவது தட்டும்வரை நிற்கும். அப்டேட் பண்ணு என்று கழுத்தறுக்காது, நீ நேற்று பார்த்த செருப்பை வாங்கிக்கொள் என்று நச்சரிக்காது.

அதில் மூத்ததை நான் வேலை செய்த உப்பு ஆபீசிலிருந்து தூக்கி வந்தேன். நான் அங்கே பில் அடித்துக்கொண்டிருந்தேன். புது கம்ப்யூட்டர் வந்ததும் பழையதைக் காயலான் கடைக்குப் போடச் சொன்னார்கள். காயலான் கடைக்காரர் சுத்தியலை ஓங்கிய நேரத்தில் நான் குறுக்கே விழுந்து வாங்கினேன். கடல் காற்று எங்கள் ஊரில் எதையும் விட்டுவைக்காது. ஜன்னல் கம்பி உரிந்துபோகும், ஃபேன் இறக்கை ஓட்டையாகும், வாங்கிய லேப்டாப் இரண்டாவது மழைக்குள் செத்துவிடும். அந்தத் தடித்த இரும்புப் பெட்டியோ, பக்கத்தில் ஒரு ஜீரோ வாட் பல்பை எரியவிட்டு, மேலே மூடியும் வைத்தால் ஓடிக்கொண்டே இருந்தது. மூடுவதற்கு நான் பழைய கட்சி ஃப்ளெக்ஸ் பேனரில் உறை தைத்திருக்கிறேன். எல்லா மானிட்டர் மேலும் யாராவது ஒரு வட்டச் செயலாளர் கும்பிட்டுக்கொண்டிருப்பார்.

மற்றதெல்லாம் மூடிய ஸ்கூல், மூடிய கம்ப்யூட்டர் சென்டர் என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. பைத்தியம் என்றார்கள். பிறகு சென்னையிலிருந்து சினிமாக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். பழைய காலத்து பாங்க், போலீஸ் ஸ்டேஷன் என்று செட் போடும்போது திரையில் நிஜமாகவே எழுத்து ஓட வேண்டுமாம். வாடகைக்கு எடுத்துப் போவார்கள். இடையஞ்சாவடியிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் சைக்கிளில் வந்து நாள் முழுக்க உட்கார்ந்து ஏதோ புத்தகம் எழுதுவார். வேறு எந்த கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாலும் செய்தி பார்க்கப் போய்விடுகிறாராம். எனக்குச் சோறு போடுவது இதுதான். ஆனால் சோற்றுக்காக மட்டும் வைத்திருக்கிறேன் என்று சொன்னால் பொய். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். தப்பாக ஒன்றைத் தட்டினால் அந்தப் பெட்டி ஒரே ஒரு வரியில், நீ சொன்னது எனக்குப் புரியவில்லை என்று சொல்லிவிட்டு மறுபடி மினுக்கும். என்னிடம் கோபப்படாமல் பதில் சொல்கிற ஜீவன் எங்கள் குடும்பத்தில் அது ஒன்றுதான்.

குடும்பத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் வாயை விடக் கை முந்தும். என்னை வானூரில் கட்டிக்கொடுத்தார்கள். கட்டிக்கொண்டவர் ஒருநாள் குழம்பில் உப்பு அதிகம் என்று கன்னத்தில் அறைந்தார். உப்பு வியாபாரி மகளிடம் உப்பு அதிகம் என்கிறாயா என்று தோசைத் திருப்பியால் திருப்பிக் கொடுத்தேன். அன்றைக்கே பஸ் ஏறிவிட்டேன். அப்பா, சாப்பிட்டாயா என்று மட்டும்தான் கேட்டார்.

அண்ணன் உப்பள கான்ட்ராக்டர். கிடங்கின் மறுபாதியில் அவன் மூட்டைகள், அதற்குப் பின்னால் எங்கள் வீடு. அண்ணன் அண்ணியை அடிப்பான். வீட்டில், தெருவில், சொந்தத்தில் எல்லோருக்கும் தெரியும். பக்கத்தில் ஓடும் சாக்கடை நாற்றம் தெரிவதைப் போலத் தெரியும், யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். சித்தப்பா வந்தால் அண்ணி முக்காடு இழுத்துவிட்டுக்கொண்டு காபி வைப்பாள். அவர் டம்ளரை மட்டும் பார்த்து வாங்கிக்கொள்வார்.

"திருப்பிக் குடுங்க அண்ணி" என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

"உனக்கு வர்றதுக்கு ஒரு ஊடு இருந்துச்சு. எனக்கு எங்க இருக்குது?" என்பாள். அவளுடைய அப்பா உப்பளத்தில் ஆயில் இஞ்சின் ஓட்டியவர். அவரும் இல்லை, அம்மாவும் இல்லை.

அண்ணன் உப்பளத்துக்குப் போன மத்தியான நேரங்களில் அண்ணி என் பக்கம் வந்து உட்காருவாள். ஒருநாள் மூத்த கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தவள் கேட்டாள், "இதுல அட்ச்சா எங்கியாச்சும் போய்டுமா?"

"எங்க போவும்? லைனே கெடையாதே அண்ணி."

"ஆஃப் பண்ணிட்டா?"

"நாம சேவ் பண்ணலன்னா ஒண்ணும் இருக்காது. சுத்தமா மறந்துடும்."

அவள் போனை அண்ணன் தினமும் வாங்கிப் பார்ப்பான். யாருக்கு என்ன அனுப்பினாள், எதை அழித்தாள், எல்லாம் பார்ப்பான். அழித்திருந்தால் அதற்கும் சேர்த்து அடி. அண்ணி பத்தாவது படித்தவள். போனில் அடிப்பது போலவே இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடிக்கத் தெரியும். அன்றிலிருந்து வாரத்தில் இரண்டு மூன்று மத்தியானம் அந்தப் பெட்டி முன்னால் உட்கார்ந்து ஒற்றை விரலால் டக் டக்கென்று தட்டுவாள். நான் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். ஒரு வரி படித்ததில்லை. முடித்ததும் ஸ்விட்சை அணைப்பாள். திரையில் வெளிச்சம் ஒரு புள்ளியாகச் சுருங்கிப் போகும்வரை பார்த்திருந்துவிட்டு, மூடியைப் போட்டு, வட்டச் செயலாளரை நேராக்கி வைத்துவிட்டுப் போவாள். எல்லாவற்றையும் நினைவில் வைத்துக்கொள்ளும் கம்ப்யூட்டருக்குத்தான் ஊரில் மவுசு. மறந்துபோகும் கம்ப்யூட்டருக்கும் ஆள் இருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

போன கோடையில் அண்ணனுக்கு என் பாதியின் மேல் கண் விழுந்தது. இறால் குஞ்சுப் பண்ணைக்காரர்கள் தீவன மூட்டை போட இடம் கேட்கிறார்கள், கிடங்கு முழுவதும் வேண்டும் என்றான். என் பங்கு என்றேன். குப்பையைக் கொட்டி வைப்பதற்குப் பங்கா என்றான். பேச்சு கை வரைக்கும் போய், சித்தப்பா வந்து உட்கார்ந்தார். அப்பாவின் தம்பி. பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். அவர் சொன்னால் எங்கள் வகையறாவில் மறுபேச்சு கிடையாது. கோர்ட்டுக்குப் போனால் எனக்குப் பங்கு உண்டு, எனக்கே தெரியும். கோர்ட்டில் தீர்ப்பு வருவதற்குள் இந்தக் காற்று கிடங்கையே தின்றுவிடும், அதுவும் தெரியும்.

சித்தப்பா இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு சொன்னார்: "ஏம்பா, அந்தப் பொட்டிங்க ஓடுதுன்னா அது அவ பொழப்பு. பொழப்பு நடக்கிற எடத்துலருந்து கெளப்பக் கூடாது. ஓடலன்னா அது காயலாங்கடை சாமான், நீ அள்ளிப் போட்டுட்டு எடத்த எடுத்துக்க. ஞாயித்துக்கெழம வர்றேன். என் கண்ணால பாக்கணும்."

அண்ணன் தலையாட்டினான். அவன் அவ்வளவு லேசாகத் தலையாட்டுகிற ஆள் இல்லை. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் பிளாப்பி துடைக்க ஸ்பிரிட் வாங்கக் கடைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால் கிடங்குக் கதவு திறந்து கிடக்கிறது. உள்ளே தண்ணீர் கொட்டும் சத்தம். அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பெயிண்ட் பக்கெட்டிலிருந்து கம்ப்யூட்டர்கள் மேல் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தான். வெறும் தண்ணீர் இல்லை. பாத்தியில் உப்பு பூக்கிற பதத்தில் இருக்கிற தண்ணீர். கையில் பட்டால் எண்ணெய் மாதிரி வழுக்கும், காய்ந்தால் வெள்ளையாகப் படியும். அதில் ஒரு சைக்கிளைப் போட்டால் அடுத்த வாரம் செயினைக் கையாலேயே பிய்க்கலாம். ஐந்து பெட்டிகளுக்கு ஊற்றி முடித்துவிட்டான். மூத்தது ஐந்தாவது. அதன் பிளாப்பி வாயிலேயே பக்கெட்டைச் சாய்த்துப் பிடித்திருந்தான், குழந்தைக்கு மருந்து புகட்டுவது போல.

நான் கத்தவில்லை. பக்கத்து மேசையிலிருந்த கீபோர்டை ஒயரோடு பிடுங்கி இரண்டு கையாலும் ஓங்கி அவன் முகத்தில் அடித்தேன். டங் என்று சத்தம் கேட்டது. அவன் பக்கெட்டைப் போட்டுவிட்டு வாயைப் பொத்தினான். விரல் இடுக்கில் ரத்தம் வந்தது. இரண்டாவது அடி காதில் விழுந்தது. மூன்றாவதற்குள் என் முடியைப் பிடித்துவிட்டான். தலையைப் பிடித்து மேசை விளிம்பில் மோதினான். என் புருவம் பிளந்தது, அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. வயிற்றில் உதைத்தான். நான் அவன் கணுக்காலைக் கடித்தேன், தோல் உரியும்வரை விடவில்லை. இரண்டு பேரும் அந்த உப்புத் தண்ணீரில் புரண்டோம். காயத்தில் உப்பு பட்டால் எப்படி எரியும் என்று உப்பளத்துப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டாம். எரிய எரிய இன்னும் வெறி ஏறியது. அவனைக் கொன்றுவிட வேண்டும் என்று அந்த நிமிஷம் நிஜமாகவே நினைத்தேன். அவனும் அப்படித்தான் நினைத்திருப்பான்.

சத்தம் கேட்டு அண்ணி ஓடி வந்து நடுவில் விழுந்தாள். அண்ணன் எழுந்து, என்னை விட்டுவிட்டு, அவள் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தான். அவள் எதுவும் செய்திருக்கவில்லை. வழக்கமாகக் கொடுக்கிற இடத்தில் கொடுத்தான், அவ்வளவுதான். அவள் அழவும் இல்லை, கன்னத்தைத் தடவவும் இல்லை. அவன் ஒரு பல்லைத் துப்பிவிட்டு, "போ, ஞாயித்துக்கெழம ஓட்டிக் காட்டு" என்று சொல்லிவிட்டு வெளியே போனான்.

அண்ணன் செய்த தப்பை எங்கள் ஊர்க்காரன் தவிர வேறு யாரும் செய்திருக்க மாட்டான். மூலையில் கடப்பாரை சாய்ந்திருந்தது. கதவுக்கு முட்டுக் கொடுக்க அப்பா காலத்து எடைக்கல் கிடந்தது. அதில் ஒன்றை எடுத்துப் பெட்டிக்கொரு போடு போட்டிருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும். உடைத்தால் பழி வரும் என்றும் நினைத்திருப்பான். அதைவிட, உப்பின் மேல் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை. இரும்பு, சிமெண்ட், மனுஷன் கால், எதையும் உப்பு கொன்றுவிடும் என்று பார்த்துப் பார்த்து வளர்ந்தவன். உப்பிலிருந்து ஒன்றைப் பிழைக்க வைப்பதையும் அதே கண்ணால் பார்த்து வளர்ந்திருக்கிறோம் என்பது அவனுக்கு மறந்துவிட்டது.

உப்பளத்தில் ஆயில் இஞ்சின் வாய்க்காலில் விழுந்துவிட்டால் அதைத் துடைத்துக் காய வைக்கக் கூடாது. காற்று பட்டால்தான் துரு பிடிக்கும். அப்படியே தூக்கிப் போய் நல்ல தண்ணீரில் முக்கிவிட வேண்டும். உப்பெல்லாம் கரைந்து போனபிறகுதான் வெளியே எடுத்துக் காய வைப்பார்கள். அண்ணி எழுந்து உட்கார்ந்தாள். நானும் எழுந்தேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பின்பக்கத்துக் குடிதண்ணீர்த் தொட்டியைத் திரும்பிப் பார்த்தோம்.

"ஸ்க்ரூ டிரைவர் எங்க வெச்சிருக்க?" என்றாள் அண்ணி.

கரண்டை மெயினில் அணைத்தேன். பெட்டிகளைக் கழற்றினோம். உள்ளே இருந்த பச்சைப் பலகைகளையும் பிளாப்பி டிரைவ்களையும் ஒவ்வொன்றாக உருவி, நல்ல தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டோம். கருவாடு விற்கும் ஒருத்தர் வழியில் ஆம்னி வேனை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். கம்ப்யூட்டரைத் தண்ணீரில் கழுவுகிற இரண்டு பொம்பளைகளை அவர் எங்கே பார்த்திருப்பார்? எங்கள் கோலத்தையும் சேர்த்துப் பார்த்தால் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டிருப்பார். அண்ணனும் ரோட்டு முனையிலிருந்து பார்த்தான். கிழிந்த வாயோடு சிரித்தான். "அவளே முக்கிக் கொன்னுட்டா" என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டு திரிந்தானாம். அந்த சந்தோஷத்தில்தான் மறுபடி அவன் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. உறை கழற்றாத மானிட்டர்களில் வட்டச் செயலாளர்கள் தண்ணீரைத் தாங்கிவிட்டார்கள். மூத்ததற்கு மேலிருந்த மானிட்டரில் மட்டும் கொஞ்சம் தெறித்திருந்தது, துடைத்தால் போதும் என்று தோன்றியது.

தொட்டித் தண்ணீரை மாற்றி மாற்றி அலசினோம். கடைசி அலசலுக்கு பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரை மெக்கானிக் கடையிலிருந்து கேன் கேனாகத் தூக்கி வந்தேன். அதில் உப்பே இருக்காது. பழைய டூத் பிரஷால் அண்ணி சிப்புகளின் காலிடுக்குகளைத் தேய்த்தாள். வீங்கிய கன்னத்தோடு, ரொம்ப மெதுவாக, மீன் முள் எடுப்பது போலத் தேய்த்தாள். காய வைக்கும்போதுதான் மாட்டிக்கொண்டோம். மாடியில் போட்டால் கடல் காற்று மறுபடி உப்பைத் தடவிவிட்டுப் போகும். கருவாட்டுக்காரரையே கெஞ்சி ஒரு நாளைக்கு ஆம்னியை வாங்கினேன். கண்ணாடியை எல்லாம் ஏற்றிவிட்டு, பலகைகளை உள்ளே பாய் மேல் பரப்பி, வண்டியை நடு வெயிலில் நிறுத்தினோம். சனிக்கிழமை முழுவதும் உள்ளே அடுப்பு மாதிரி வெந்தது. இன்றைக்கும் அந்தப் பெட்டிகள் சூடேறினால் லேசாக நெத்திலிக் கருவாட்டு வாசம் வரும். சினிமாக்காரர்கள் மூக்கைச் சுளிப்பார்கள், நான் எதுவும் தெரியாதது போல் நிற்பேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சித்தப்பா வந்தார். கூடச் சொந்தக்காரர்கள் சிலர். அண்ணன் வீங்கிய வாயோடு கைகட்டி நின்றான். அவன் பல்லைப் பற்றியும் என் புருவத்தைப் பற்றியும் யாரும் கேட்கவில்லை. எங்கள் வீட்டு வழக்கம் அது. அண்ணியின் கன்னத்தைப் பற்றி என்றைக்குமே கேட்டதில்லை, அன்றும் கேட்கவில்லை.

எந்தப் பெட்டியை ஓட்டிக் காட்டுவது என்று அண்ணனே சொல்லட்டும் என்றார் சித்தப்பா, அவன் வாயிலேயே உப்புத் தண்ணி ஊற்றிய மூத்ததைக் காட்டினான். நான் அதன் முன்னால் போய் நின்றேன். இது எழுந்திருக்கவில்லையென்றால் எனக்கு இந்த ஊரில் உட்கார ஒரு இடம் கிடையாது. இன்னொன்றும் மனதில் ஓடியது. மத்தியானத்தில் அண்ணி வந்து உட்காரவும் இடம் கிடையாது. ஸ்விட்சைப் போட்டேன். ஃபேன் முனகியது. ஒன்றும் வரவில்லை. அண்ணன் தொண்டையைச் செருமினான். பிறகு பிளாப்பி டிரைவ் கரகரவென்று இருமியது, பீப் என்றது, பச்சைக் கோடு வந்து மினுக்க ஆரம்பித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆமாம், அழுதேன், ஒரு இரும்புப் பெட்டிக்காக.

"லைட்டு எரிஞ்சா ஆச்சா? இவ எதாச்சும் செட்டப்பு பண்ணிருப்பா" என்றான் அண்ணன்.

சித்தப்பா யோசித்தார். "சரிப்பா. அவ தொட வேணாம். உன் பொண்டாட்டி தட்டிப் பாக்கட்டும். உன் பக்கத்து ஆளு தட்டி எழுத்து வந்துச்சுன்னா நீ ஒண்ணும் சொல்லக் கூடாது."

அண்ணன் சம்மதித்தான். அண்ணிக்கு ஆன் பண்ணவே தெரியாது என்று அவனுக்கு நினைப்பு. "போடி, தட்டு" என்றான்.

அண்ணி முக்காட்டைச் சரி செய்துகொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் பழக்கத்தில் முதுகைத் திருப்பிக்கொண்டேன். டக், டக், டக். ஒற்றை விரல் சத்தம். வழக்கமாக அவள் அடிப்பதைவிட நிதானமாக இருந்தது. சித்தப்பாவும் மற்றவர்களும் கதவோரம் நின்றார்கள், அங்கிருந்து பச்சை வெளிச்சம் தெரியுமே தவிர எழுத்து தெரியாது. அண்ணன் மட்டும் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றான்.

அவன் மூச்சு மாறுவது எனக்குக் கேட்டது. திரும்புவதற்குள் கதவோரம் கிடந்த எடைக்கல்லை எடுத்துவிட்டான். பத்துக் கிலோ கல். "எழுதுறியாடி" என்று ஒரு கத்தல். தலைக்கு மேல் தூக்கி, அவள் தோளுக்கு மேலாக மானிட்டரில் வீசினான். டமார் என்று வெடித்தது. அந்தத் தொப்பைக்குள் காற்றே கிடையாது, உடைந்தால் உள்பக்கமாக வெடித்துத் திரும்பித் தெறிக்கும். கண்ணாடித் தூள் கூரை வரை பறந்தது. அவன் முன்னங்கை முழுக்கக் கீறி ரத்தம் வழிந்தது. அண்ணியின் கன்னத்தில், வெள்ளிக்கிழமை அடி விழுந்த அதே கன்னத்தில், ஒரு சில்லு குத்தி நின்றது. அவன் அவள் முடியைப் பிடித்துவிட்டான். நான் கீபோர்டைத் தூக்கவில்லை, அது அவள் மடியில் இருந்தது. தலையைக் குனிந்து அவன் வயிற்றில் முட்டினேன். மூட்டை மேல் போய் விழுந்தான். சொந்தக்காரர்கள் அப்போதுதான் அவனைப் பிடித்தார்கள்.

"ஒடைஞ்சி போச்சு! அவ்ளோதான்! இப்ப ஓட்டச் சொல்லு பாக்கலாம்!" என்று பிடியிலிருந்து திமிறிக்கொண்டு கத்தினான்.

சித்தப்பா உடைந்த கண்ணாடியைப் பார்த்தார். "போச்சேம்மா" என்றார் என்னிடம்.

எனக்கோ சிரிப்பு வந்தது. அண்ணன் அதை டி.வி என்று நினைத்துவிட்டான். முகத்தை உடைத்தால் முடிந்தது என்று நினைத்துவிட்டான். கீழே, கண்ணாடித் தூளுக்கு அடியில், இரும்புப் பெட்டியின் ஃபேன் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. உடைந்த மானிட்டரின் ஒயரைப் பிடுங்கி எறிந்தேன். அடுத்த மேசையிலிருந்து வட்டச் செயலாளரை உருவிப் போட்டுவிட்டு, அந்த மானிட்டரைத் தூக்கி வந்து சொருகினேன். அது சூடேறக் கொஞ்ச நேரம் பிடித்தது. மெதுவாகப் பச்சை பூத்தது. அண்ணி தட்டிய வரி அப்படியே இருந்தது. அதன் முடிவில் கோடு மினுக்கிக்கொண்டிருந்தது.

சித்தப்பா மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு கிட்டே வந்தார். இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் படிப்பார். அன்றைக்கும் விரலை வைத்து, பஸ்ஸில் ஸ்டேஜ் பேர் படிப்பது போல உரக்கப் படித்தார்.

"அ... வர். என்... னை. தெ... னமும். அடிக்... கி... றார்."

படித்து முடித்த பிறகுதான் என்ன படித்தோம் என்று அவருக்கு உறைத்தது. விரலைத் திரையிலிருந்து எடுத்துக்கொண்டார். அண்ணனைப் பிடித்திருந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். அவன்கூடத் திமிறுவதை நிறுத்திவிட்டான். தெரியாது என்று இனி ஒருத்தரும் சொல்ல முடியாது. அதைப் படித்தது சித்தப்பாவின் வாய்.

அண்ணி கன்னத்தில் குத்தியிருந்த சில்லைத் தானே பிடுங்கி மேசை மேல் வைத்தாள். ரத்தம் தாடை வழியாக இறங்கியது, துடைக்கவில்லை. எனக்கு அவளை அங்கிருந்து எழுப்பி அழைத்துப்போக வேண்டும் போலிருந்தது. எத்தனையோ மத்தியானம் அவள் ஸ்விட்சை அணைத்துவிட்டு எழுந்தது நினைவுக்கு வந்தது.

"ஆஃப் பண்ணிடட்டுமா அண்ணி?" என்றேன்.

"வேணாம்மா" என்றாள். மடியிலிருந்த கீபோர்டில் கிடந்த கண்ணாடித் தூளை ஊதிவிட்டு, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "சித்தப்பாவ அங்கயே நிக்கச் சொல்லு. நான் இன்னும் முடிக்கல."